மூச்சு கடைமடைக்குப் போனதா?



யாருடைய நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ அவர் ஒரு பள்ளித் தலைமையாசிரியர். அறக்கட்டளைப் பத்திரத்தில் அவர் ஒரே ஒரு நிபந்தனை எழுதி வைத்திருக்கிறார்: பேசுபவர் தமிழில் பேச வேண்டும், கடைசி பெஞ்சில் இருப்பவருக்கும் விளங்க வேண்டும். இயற்பியல் நடத்திப் பிழைத்த எனக்கு முதல் பாதி எளிது; இரண்டாம் பாதிக்குத்தான் ஒரு மாதம் தயாரிப்பு தேவைப்பட்டது. மிகைமுனைவுற்ற வாயுவைக் கொண்டு நுரையீரலை எம்.ஆர்.ஐ. படம் எடுப்பது எப்படி என்பது இன்றைய தலைப்பு. பெயரைக் கேட்டு யாரும் எழுந்து போய்விட வேண்டாம். ஒரு பாட்டியில் தொடங்குகிறேன்.

பாட்டியின் ஊதுகுழல்

என் பாட்டி விறகடுப்பில் சமைத்தே வாழ்ந்தவள். ஈர விறகும் ஊதுகுழலுமாகக் கழிந்த வாழ்க்கை. கடைசிக் காலத்தில் இளைப்பு வந்தது. நகரத்து மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துப் போனேன். ஒரு குழாயைக் கையில் கொடுத்து, "நல்லா இழுங்கம்மா... இப்ப ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்றார்கள். ஊதி முடித்தவள் என்னைப் பார்த்து, "இதத்தானடா ஆயுசு பூரா பண்ணிட்டிருந்தேன்" என்றாள்.

அறிக்கை வந்தது. வயதுக்கு ஏற்ற அளவு இருக்கிறது, பெரிய குறை இல்லை. மருத்துவர் அதைச் சொன்னபோது பாட்டி வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து, "எல்லாம் சரி தம்பி, இங்கதான் காத்து போக மாட்டேங்குது" என்றாள். மருத்துவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நுரையீரலுக்குள் இந்த இடம் என்று சுட்டிச் சொல்லும் அளவுக்கு நம் உடலுணர்வு கூர்மையானதில்லை. அவள் கைவைத்த இடம் தவறாகவே இருந்திருக்கலாம். ஆனால் அவள் பேச்சில் ஒரு கேள்வி இருந்தது. கருவி சொன்னது 'எவ்வளவு'. அவள் கேட்டது 'எங்கே'. இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்று எனக்கு உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

மதகில் அளந்த தண்ணீர்

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அணையில் இத்தனை ஆயிரம் கன அடி திறந்தார்கள் என்று செய்தித்தாளில் வரும். அதைப் படித்துவிட்டுக் கடைமடை விவசாயி ஒரு கேள்விதான் கேட்பார்: என் வயலுக்கு வந்ததா? மதகில் அளந்த கணக்கு சரியாகவே இருக்கும். கடைமடை காய்ந்தும் கிடக்கும்.

நுரையீரலும் ஒரு பாசன அமைப்புதான். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகிறது. இப்படிச் சுமார் 23 முறை பிரிந்து காற்று நுண்ணறைகளில் போய் முடிகிறது. ஒவ்வொரு நுண்ணறையும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அகலம். மொத்தம் 30 கோடியிலிருந்து 50 கோடி வரை. இவைதான் வயல்கள். ஆக்சிஜன் இரத்தத்துக்குள் இறங்குவது இங்கேதான்.

மதகில் அளக்கும் கருவியை 1846-இல் தந்தவர் ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர். ஸ்பைரோமீட்டர் என்று அதற்குப் பெயரிட்டு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊத வைத்துக் கணக்கெடுத்தார். என் பாட்டி ஊதியது அதன் பேத்திக் கருவியில். மலிவானது, நம்பகமானது, இன்றும் நுரையீரல் மருத்துவத்தின் முதுகெலும்பு அதுதான். ஆனால் அது தருவது மொத்தக் கணக்கு. 1970-இல் ஜெரி மீட் என்ற அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் இதன் ஓட்டையைச் சுட்டிக்காட்டினார். இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த சிறு குழாய்கள் எண்ணிக்கையில் மிக அதிகம். எல்லாம் பக்கம் பக்கமாக ஓடுபவை. அவற்றில் கணிசமானவை அடைத்துப் போனாலும் மொத்த ஓட்டத்தில் பெரிதாகத் தெரியாது. அந்தப் பகுதிக்கு அவர் வைத்த பெயர் நுரையீரலின் 'அமைதி மண்டலம்'. நோய் அங்கே சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டிருக்கும்.

எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் இடத்தைக் காட்டுமே என்று மருத்துவ மாணவர்கள் கேட்கலாம். காட்டும், மிக நுட்பமாகவே காட்டும். ஆனால் அவை காட்டுவது வாய்க்காலின் கரையை. அதில் தண்ணீர் ஓடுகிறதா என்பது வேறு விஷயம். கதிரியக்க வாயுவை இழுக்கச் சொல்லிப் படமெடுக்கும் முறை ஒன்றும் நெடுங்காலமாக உண்டு. அது காற்றின் போக்கையே காட்டும். ஆனால் படம் மங்கல். கதிர்வீச்சும் உண்டு என்பதால் குழந்தைகளுக்கு அடிக்கடி எடுக்கத் தயக்கம். மூளைக்கும் முழங்காலுக்கும் தெளிவாகப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ., கதிர்வீச்சே இல்லாத எம்.ஆர்.ஐ., நுரையீரலுக்கு ஏன் உதவவில்லை?

ஐந்து வாக்கு வித்தியாசம்

எம்.ஆர்.ஐ. கேட்பது உடலிலுள்ள தண்ணீரின் குரலை. தண்ணீரில் ஹைட்ரஜன் இருக்கிறது. ஹைட்ரஜனின் அணுக்கரு ஒரு சின்னஞ்சிறு காந்தம். பம்பரம் போலச் சுழல்வதாக வைத்துக்கொள்ளலாம். பூமியின் காந்தப்புலத்தைவிடச் சுமார் 30,000 மடங்கு வலிய காந்தத்துக்குள் ஒருவரைப் படுக்க வைத்தால் இந்தப் பம்பரங்கள் இரண்டு அணியாகப் பிரிகின்றன. சில காந்தத்தின் திசையில், சில எதிர்த்திசையில். உடலின் வெப்பம் அவற்றைக் குலுக்கிக்கொண்டே இருப்பதால் இரண்டு அணியும் ஏறத்தாழச் சமம். பத்து லட்சம் வாக்காளர்கள் உள்ள தொகுதியில் ஐந்து வாக்கு வித்தியாசத்தில் ஒருவர் ஜெயிக்கிறார் என்று வையுங்கள். வழக்கமான 1.5 டெஸ்லா கருவியில் நிலைமை அதுதான். எம்.ஆர்.ஐ. படம் முழுவதும் அந்த ஐந்து வாக்கில் வரைந்தது.

மூளையில் தண்ணீர் நிறைய இருப்பதால் ஐந்து வாக்கே போதும். நுரையீரலில் பெரும்பகுதி காற்று. திசு மெல்லிய சல்லடை போலத்தான் இருக்கிறது. அதோடு, காற்றும் திசுவும் தொட்டுக்கொள்ளும் கோடிக்கணக்கான எல்லைகளில் காந்தப்புலம் அடிக்கு அடி மாறும் நிலம் போல மேடும் பள்ளமுமாகிவிடுகிறது. எழும் சிறு குரலும் ஒன்றிரண்டு மில்லி விநாடியில் அடங்கிவிடும். அதனால்தான் சாதாரண எம்.ஆர்.ஐ. படத்தில் மார்பின் இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கின்றன.

சரி, தண்ணீரை விட்டுவிட்டு உள்ளே போகும் வாயுவின் குரலையே கேட்டால் என்ன? கேட்கலாம். ஆனால் தண்ணீரோடு ஒப்பிட்டால் வாயுவில் அணுக்கள் ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. ஐந்து வாக்கு வித்தியாசத்தை வைத்து அங்கே எதுவும் செய்ய முடியாது. வித்தியாசத்தை லட்சம் மடங்கு கூட்ட வேண்டும். தேர்தலில் அதற்குப் பெயர் கள்ள ஓட்டு. இயற்பியலில் அதற்குப் பெயர் மிகைமுனைவாக்கம். வெப்பமும் காந்தமும் இயல்பாகத் தரும் பெரும்பான்மைக்கு மிகையாக, வெளியிலிருந்து திணித்த பெரும்பான்மை.

ஒளியால் இறைத்தல்

இதைச் செய்யும் வழி நுரையீரலைப் பற்றிய எந்த நினைப்பும் இல்லாதவர்களிடமிருந்து வந்தது. பாரிஸில் ஆல்ஃபிரட் கஸ்லர் என்ற இயற்பியலர் 1950-இல் ஒரு யோசனை சொன்னார். முறுக்கேறிய ஒளியை, அதாவது வட்டமுனைவுற்ற ஒளியை, ஓர் அணுவின் மேல் பாய்ச்சினால் ஒளியின் சுழற்சி அணுவுக்கு ஏறும். பாய்ச்சிக்கொண்டே இருந்தால் எல்லா அணுக்களையும் ஒரே பக்கம் திருப்பிவிடலாம். அவர் வைத்த பிரெஞ்சுப் பெயரைத் தமிழில் ஒளி இறைப்பு என்று சொல்வேன். கீழே கிடக்கும் தண்ணீரை ஏற்றம் போட்டு மேலே கொண்டுவருகிற அதே வேலை. 1966-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒளி நேரடியாக அணுக்கருவைத் திருப்பாது. அதற்கு ஓர் இடைத்தரகர் தேவை. கஸ்லரின் ஆய்வுக்கூட மரபில் வந்த மரி-ஆன் பூஷியா 1960-இல் கார்வர், வார்னம் என்ற இருவரோடு சேர்ந்து அந்த இடைத்தரகரைக் காட்டினார். அது ருபீடியம்: கைச்சூட்டுக்குச் சற்று மேலே, 39 டிகிரியிலேயே உருகிவிடும் உலோகம். அதன் ஆவியை ஒரு கண்ணாடிக் குடுவையில் வைத்து, கூடவே ஹீலியத்தின் அரிய வகையான ஹீலியம்-3 வாயுவை அடைத்து, ஒளியைப் பாய்ச்சினார்கள். ஒளி ருபீடியத்தின் வெளி எலெக்ட்ரானைத் திருப்பியது. ருபீடியம் ஹீலியத்தோடு மோதும்போது அந்தத் திருப்பம் ஹீலியத்தின் அணுக்கருவுக்குக் கைமாறியது. ஒரு மோதலில் கைமாறும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் மோதல்களுக்கு அங்கே பஞ்சமில்லை.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஹாப்பரும் கார்டன் கேட்ஸும் இந்தக் கலையைப் பெருமளவுக்கு வளர்த்தார்கள். அப்போது இயற்பியலர்களுக்கு முனைவாக்கிய ஹீலியம்-3 தேவைப்பட்டது நியூட்ரானின் உள்ளமைப்பை ஆராயத்தான்: துகள் முடுக்கியில் எலெக்ட்ரான் கற்றையை மோதவிட ஓர் இலக்கு. 1990-களில் வலிய டையோடு லேசர்கள் எட்டும் விலைக்கு வந்தன. 794.7 நானோமீட்டர் அலைநீளத்தில், கண்ணுக்குத் தெரியும் சிவப்பைச் சற்றே தாண்டிய ஒளியில், குடுவைகளை நிரப்ப முடிந்தது. இருபது, முப்பது, நாற்பது விழுக்காடு முனைவாக்கம் கையில் வந்தது. பத்து லட்சத்தில் ஐந்து என்று புலம்பிக்கொண்டிருந்த தொகுதியில், நூற்றுக்கு முப்பது வாக்கு வித்தியாசம்.

எலியிலிருந்து மனிதருக்கு

நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்துக்கு எம்.ஆர்.ஐ. வரலாற்றில் தனியிடம் உண்டு. 1973-இல் பால் லாட்டர்பர் முதல் காந்தப் படிமத்தை வெளியிட்டது அங்கிருந்துதான். அதே வளாகத்தில் மிட்செல் ஆல்பர்ட்டும் ஆர்னால்டு விஷ்னியாவும் செனான் வாயுவின் காந்தக் குரலைக் கேட்க முயன்றார்கள். குரல் மெலிது. பிரின்ஸ்டன்காரர்கள் செனானையும் முனைவாக்குவதை அறிந்து இரு குழுவினரும் சேர்ந்தார்கள். 1994 ஜூலையில் 'நேச்சர்' இதழில் வெளிவந்த அவர்களுடைய கட்டுரையில் ஓர் எலியின் நுரையீரல் இருந்தது. உடலிலிருந்து எடுத்த நுரையீரல்தான். ஆனால் காந்தப் படத்தில் எப்போதும் கறுப்பாக இருந்த இடம் முதல்முறையாக வெளிச்சமானது.

பிறகு வேகம் பிடித்தது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் எர்ன்ஸ்ட் ஓட்டன், வெர்னர் ஹைல் குழுவினர் அணுக்கரு ஆய்வுக்காக ஹீலியம்-3 முனைவாக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மருத்துவர்களோடு கைகோத்து 1996-இல் 'லான்செட்' இதழில் மனித நுரையீரலின் படத்தை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழுவும் அதே ஆண்டு மனிதப் படங்களைத் தந்தது. 1997-இல் வர்ஜீனியாவில் ஜான் மக்ளர் குழு செனான் கொண்டு மனிதரைப் படமெடுத்தது.

நல்ல கண்ணாடிக் கலத்தில், சீரான காந்தப்புலத்தில் ஹீலியம்-3 தன் திருப்பத்தை நாள்கணக்கில் இழக்காது. அதனால் மைன்ஸில் நிரப்பிய கலங்களை விமானத்தில் ஏற்றி இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகருக்கு அனுப்பி அங்கே நோயாளிகளைப் படமெடுத்தார்கள். வழியில் காந்தம் தடுமாறினால் சரக்கு வெறும் ஹீலியம். எடை குறையாது, நிறம் மாறாது. பயன் மட்டும் போயிருக்கும்.

ஹீலியம் ஏன் கைவிட்டது

ஹீலியத்தைப் பற்றிப் பேசும்போது நம் பக்கத்துச் செய்தி ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் பிரெஞ்சு வானியலர் ஜான்சென் நிறமாலைமானியோடு காத்திருந்தார். மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வுக்கூடத்தின் பாக்சன். சூரியனின் விளிம்பில் தெரிந்த கோடுகளில் ஒரு மஞ்சள் கோடு, பூமியில் அறிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை என்பதை அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து லாக்கியர் கவனித்தார். சூரியனின் பெயரால் அது ஹீலியம் ஆயிற்று. பூமியில் அது வில்லியம் ராம்சேயின் கைக்குச் சிக்க 1895 ஆயிற்று.

அந்த ஹீலியத்தில் ஹீலியம்-3 மிக அரிது; இயற்கையில் பத்து லட்சத்தில் ஓரிரண்டு அணுதான். மருத்துவர்கள் பயன்படுத்தியது ஹைட்ரஜன் குண்டுகளின் மிச்சம். குண்டுகளில் டிரிட்டியம் இருக்கிறது, அது 12.3 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகச் சிதைந்து ஹீலியம்-3 ஆகிறது. பனிப்போர் காலத்தில் சேர்த்த கையிருப்பிலிருந்து வடித்த வாயுவை ஆஸ்துமாக் குழந்தைகள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு 2001 செப்டம்பர் 11 தாக்குதல் வந்தது. துறைமுகங்களிலும் எல்லைகளிலும் கடத்தல் அணுப்பொருளைக் கண்டுபிடிக்க அமெரிக்கா நியூட்ரான் உணர்கருவிகளை வரிசையாக நிறுத்தியது. அவற்றுக்குள் நிரப்புவதும் ஹீலியம்-3தான். 2008, 2009 வாக்கில் கையிருப்பு வற்றியது; விலை பல மடங்கு ஏறியது. நுரையீரல் ஆய்வர்கள் வேறு வழியில்லாமல் செனானுக்குத் திரும்பினார்கள்.

செனான் காந்தக் குரலில் ஹீலியம்-3ஐவிடச் சன்னமானது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வலுதான். ஆனால் காற்றிலேயே இருக்கிறது: நூறு கோடியில் 87 பங்கு. திரவமாக்கிய காற்றின் அடிமண்டியிலிருந்து ராம்சேயும் டிராவர்ஸும் 1898-இல் அதைப் பிரித்தபோது கிரேக்கத்தில் 'அந்நியன்' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். அதில் காற்பங்குக்குச் சற்று அதிகம், 26 விழுக்காடு, நமக்கு வேண்டிய செனான்-129. குறைந்த அளவில் செனானை உடல் தாங்கும். அதிக அளவில் அது மயக்க மருந்து. கட்டாயத்தில் வந்த இந்த அந்நியன் ஹீலியத்தால் முடியாத ஒன்றைச் செய்யும் என்பது பிறகுதான் முழுமையாக விளங்கியது.

ஒரே வாயு, மூன்று சுருதி

ஹீலியம் இரத்தத்தில் கரைவது மிகச் சொற்பம். அறைக்குள் போய் அறையிலிருந்தே திரும்பிவிடும். செனான் கரையும். நுண்ணறையின் சுவரைத் தாண்டி, இரத்தச் சிவப்பணுவுக்குள் இறங்கி, ஆக்சிஜன் போகும் வழியிலேயே போகும். அப்படிப் போகும்போது அதன் சுருதி மாறுகிறது. அறையில் வாயுவாக இருக்கும் செனானின் அதிர்வெண்ணை ஆதார சுருதி என்று வைத்தால், சுவர்த் திசுவில் கரைந்த செனான் அதைவிடப் பத்து லட்சத்தில் சுமார் 197 பங்கு தள்ளி ஒலிக்கிறது. சிவப்பணுவில் சேர்ந்த செனான் சுமார் 217 பங்கு தள்ளி. இடைவெளி சிறியது. கருவிக்கு அது தெளிவாகப் பிரிந்து கேட்கும்.

இதன் பொருளைச் சற்று நின்று பாருங்கள். காற்று வயலுக்கு வந்ததா என்பதோடு, வந்த தண்ணீர் மண்ணில் இறங்கியதா, வேரைத் தொட்டதா என்றும் ஒரே மூச்சில் கேட்டுவிடலாம். நுரையீரல் நார்ப்பெருக்க நோயில் சுவர் தடித்துப் போகிறது. அங்கே சுவரின் சுருதி ஓங்கி, சிவப்பணுவின் சுருதி தாழ்கிறது. சிவப்பணுவின் குரல் இதயத் துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்குவதும் பதிவாகிறது. நுரையீரல் இரத்த நாளங்களின் நிலையை அதிலிருந்து படிக்க முயல்கிறார்கள்.

இன்னொரு தந்திரமும் உண்டு. நுண்ணறை ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு, எம்.ஆர்.ஐ. படத்தின் ஒரு புள்ளியே சில மில்லிமீட்டர். அறையை நேரடியாகப் பார்க்க முடியாது. ஆனால் கண்ணைக் கட்டிய பிள்ளையை ஓர் அறையில் விட்டால், பத்து அடி எடுத்து வைப்பதற்குள் எத்தனை முறை சுவரில் முட்டுகிறான் என்பதை வைத்து அறையின் அளவைச் சொல்லிவிடலாம். வாயு அணுக்கள் சில மில்லி விநாடியில் எவ்வளவு தூரம் அலைகின்றன என்பதை எம்.ஆர்.ஐ. அளக்கும். ஹீலியத்துக்கு, ஆரோக்கியமான நுரையீரலில் அந்த அலைச்சலின் அளவு விநாடிக்குச் சுமார் 0.2 சதுர சென்டிமீட்டர். எம்பிசீமா நோயில் சுவர்கள் இடிந்து பல அறைகள் ஒன்றாகிவிடுவதால் அது இரட்டிப்புக்கும் மேல் போகிறது. இடிந்த சுவரைப் பார்க்காமலேயே இடிந்ததைச் சொல்லிவிடலாம்.

குடத்துத் தண்ணீர்

இதெல்லாம் நடக்கும் அறைக்குள் இப்போது போவோம். பக்கத்தில் முனைவாக்கும் கருவி. சூடான ருபீடிய ஆவி வழியாகச் செனான் பாய்கிறது, லேசர் அதைத் திருப்புகிறது. வெளியே வரும் வாயு, திரவ நைட்ரஜனின் -196 டிகிரிக் குளிரில் உறைந்து வெண்பனியாகப் படிகிறது. ருபீடியம் நோயாளியிடம் போய்விடாதபடி வழியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். காந்தப்புலத்துக்குள் வைத்த அந்தப் பனிக்கட்டி சில மணி நேரம் திருப்பத்தைக் காக்கும். தேவையானபோது உருக்கி, ஒரு பிளாஸ்டிக் பையில் நிரப்பி, கையில் பிடித்துக்கொண்டு வேகமாக நடக்க வேண்டும்.

நோயாளி படுத்திருக்கிறார். மூச்சை விடச் சொல்கிறார்கள், பையிலிருந்து இழுக்கச் சொல்கிறார்கள், "பிடிங்க" என்கிறார்கள். பத்துப் பதினைந்து விநாடி. அதற்குள் படம் முடிந்தாக வேண்டும். காரணம், நுரையீரலில் உள்ள ஆக்சிஜனே ஒரு காந்தப் பொருள். அது செனானின் திருப்பத்தை இருபது, முப்பது விநாடியில் கரைத்துவிடும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு முறை வானொலி அலையைத் தட்டிக் குரலைக் கேட்கும்போதும் இருப்பிலிருந்து ஒரு பங்கு போகிறது.

சாதாரண எம்.ஆர்.ஐ. ஊற்றுக் கிணறு. இறைத்தால் சில விநாடியில் மறுபடி ஊறும். இது குடத்துத் தண்ணீர். மொண்டால் மொண்டதுதான். எத்தனை முறை மொள்ளலாம், ஒவ்வொரு முறையும் எவ்வளவு என்று திட்டமிடுவதே இந்தத் துறையின் கைத்திறன். மூச்சை வெளியே விட்டதும் எல்லாம் முடிந்தது. சிலருக்குத் தலை லேசாகச் சுற்றும், உடனே சரியாகிவிடும். இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு அந்த ஒரு மூச்சில் சற்றே இறங்கி மீளும். அதற்காக ஒருவர் கண் வைத்துக்கொண்டே இருப்பார்.

படங்கள் சொன்னவை

ஆரோக்கியமானவரின் படத்தில் இரண்டு நுரையீரலும் ஒரே சீராக வெளிச்சமாக இருக்கும். ஆஸ்துமாக்காரரின் படத்தில் கறுப்பு ஆப்புகள் செருகியது போல இருக்கும். காற்று போகாத பகுதிகள் அவை. ஆஸ்துமா எல்லாக் குழாய்களையும் ஏறத்தாழ ஒரே மாதிரி சுருக்கும் நோய் என்று ஒரு படிமம் நம் மனதில் இருந்தது. வர்ஜீனியாவில் தலிசா ஆல்டெஸ் குழுவும் கனடாவின் லண்டன் நகரில் கிரேஸ் பராகா குழுவும் எடுத்த படங்கள் வேறு கதை சொல்லின. நோய் திட்டுத் திட்டாக இருக்கிறது. அதைவிட வியப்பு, நாள்கள் கழித்து மறுபடி எடுத்தாலும் பல திட்டுகள் அதே இடத்தில் இருக்கின்றன. கடைமடை என்றால் எப்போதும் அதே கடைமடைதான். காற்று போகாத பரப்பு மொத்தத்தில் எத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டு, மருந்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுகிறார்கள். 'எங்கே' என்ற கேள்வியிலிருந்தே ஒரு 'எவ்வளவு' பிறக்கிறது.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ள குழந்தைகளிடம் இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. ஷெஃபீல்டில் ஜிம் வைல்டு குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஊதும் சோதனையில் இயல்பாக இருந்த குழந்தைகளின் படங்களிலும் இருண்ட திட்டுகள் தெரிந்தன. ஜெரி மீட் சொன்ன அமைதி மண்டலம் பேசத் தொடங்கிவிட்டது.

கொரோனாவுக்குப் பிறகு வூகானிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் ஷெஃபீல்டிலும் இதே கருவியை அந்த நோயாளிகளின் பக்கம் திருப்பினார்கள். நோய் குணமாகி வீடு திரும்பிய பின்பும் மூச்சு வாங்குகிறது என்று சொன்னவர்களின் சி.டி. படம் ஏறத்தாழ இயல்பாக இருந்தது. செனான் படத்திலோ காற்று வயலுக்கு வந்தது, மண்ணில் இறங்குவது குறைந்திருந்தது. 2021-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில் இருந்த நோயாளிகள் ஒன்பது பேர்தான். அவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து ஊருக்கெல்லாம் தீர்ப்பு எழுதக் கூடாது. ஆனால் "எல்லாம் மனசுதான்" என்று கேட்டுக் கேட்டுச் சலித்த சிலருக்கு அந்தப் படம் ஒரு சாட்சி.

2022 டிசம்பர் 23 அன்று அமெரிக்க மருந்து ஆணையம், நுரையீரலில் காற்று பரவுவதை மதிப்பிட 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குச் செனான்-129ஐ அனுமதித்தது. எலியின் நுரையீரலிலிருந்து அங்கே வந்து சேர இருபத்தெட்டு ஆண்டுகள்.

விலையும் வரம்பும்

இனி, மறுபக்கம். முனைவாக்கும் கருவி வேண்டும். எம்.ஆர்.ஐ. கருவி ஹைட்ரஜனின் 64 மெகாஹெர்ட்ஸை விட்டுச் செனானின் 17.7 மெகாஹெர்ட்ஸிலும் பேசத் தெரிந்ததாக இருக்க வேண்டும். மார்பைச் சுற்றிக் கட்டத் தனிச் சுருள் வேண்டும். இயற்பியல் தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும். மிகவும் மோசமாக இளைப்பவரால் பதினைந்து விநாடி மூச்சைப் பிடிக்க முடியாமல் போகலாம். கறுப்புத் திட்டு எங்கே என்று தெரியும். அது சளியா, சுருக்கமா, வீக்கமா என்று படம் மட்டும் சொல்லாது. வயதானால் நோயில்லாதவருக்கும் சிறு திட்டுகள் வரும். செனானே இல்லாமல், சாதாரண எம்.ஆர்.ஐ.யில் பல மூச்சுகளைப் படமெடுத்துக் கணக்குப் போட்டுக் காற்றோட்டத்தைக் கண்டறியும் முறைகளும் வளர்ந்து வருகின்றன. நம் போன்ற நாடுகளுக்கு அவை முதலில் வந்து சேரலாம். அதில் எனக்கு வருத்தமில்லை. ஒரு கேள்விக்குப் பதில் எந்தக் கருவியிலிருந்து வந்தால் என்ன?

'எங்கே' என்ற அந்தக் கேள்வியோடு முடிக்கிறேன். 1816-இல் பாரிஸில் லென்னெக் என்ற மருத்துவர், நோயாளியின் மார்பில் காது வைக்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைச் சுருட்டிக் குழலாக்கிக் கேட்டார். அதிலிருந்து வந்தது ஸ்டெதாஸ்கோப். அதை மார்பிலும் முதுகிலும் இடம் மாற்றி மாற்றி வைக்கிறார்களே, அது 'எங்கே' என்று கேட்கிற கருவி. முப்பது ஆண்டு கழித்து ஹட்சின்சன் 'எவ்வளவு' என்று கேட்டார். எண்ணாக வந்த பதில் கைக்கு அடக்கமாக இருந்ததால் மருத்துவம் அதன் பின்னே போனது. சரியாகவே போனது. குழலின் பழைய கேள்வி மட்டும் ஒன்றரை நூற்றாண்டு அரைகுறைப் பதிலோடு காத்திருந்தது. லேசரும் ருபீடியமும் அந்நியன் என்று பெயர்பெற்ற ஒரு வாயுவும் சேர்ந்து இன்று அதற்குப் பதில் சொல்கின்றன.

இங்கே மருத்துவ மாணவர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்களில் பெரும்பாலோருக்கு நாளை செனான் கிடைக்காது. ஸ்டெதாஸ்கோப் கழுத்திலேயே இருக்கும். ஊதுகுழல் பிடித்துக் காய்த்த கையை விலாவின் மேல் வைத்து "இங்கதான் தம்பி" என்று யாராவது சொன்னால், அறிக்கையை மேசையில் வைத்துவிட்டு, அந்தக் கை இருக்கும் இடத்தில் ஒரு நிமிடம் கேளுங்கள். நான் கேட்கவில்லை.